தராசும் சரி, பில்லும் சரி. கணக்கு மட்டும் ஏன் உதைக்கிறது?



நம் மாதனூர், ஆம்பூர், பேர்ணாம்பட்டு வட்டாரத்தில் காலணித் தொழிலைப் பற்றி யாருக்கும் நாம் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு ஒருவராவது தோல் பதனிடும் இடத்திலோ ஷூ கம்பெனியிலோ வேலை பார்த்திருப்பார். அவரைக் கேட்டால் ஒரு விஷயம் சொல்வார். மேல்தோலைத் தனியாக இழுத்துப் பார்ப்பார்கள், உறுதியாக இருக்கும். அடிப்பாகத்தைத் தனியாகத் தேய்த்துப் பார்ப்பார்கள். அதுவும் உறுதியாக இருக்கும். பசை டின்னின் மேல் நல்ல கம்பெனி முத்திரை இருக்கும். ஆனாலும் அதோடு விடமாட்டார்கள். முழு ஷூவையும் இயந்திரத்தில் மாட்டி ஆயிரக்கணக்கான தடவை மடக்கி மடக்கிப் பார்ப்பார்கள். ஏனென்றால் ஷூ பிய்வது பெரும்பாலும் தோலிலும் அல்ல, அடிப்பாகத்திலும் அல்ல. இரண்டும் சேரும் இடத்தில்தான் பிய்யும்.

இன்று நம் கடைகளுக்குள் வந்துவிட்ட கம்ப்யூட்டர் கணக்குக்கும் இதே நியாயம்தான். பில் போடுவது, இருப்புக் கழிப்பது, யு.பி.ஐ. பணம் வாங்குவது, பேரேட்டில் பதிவது, ஜி.எஸ்.டி. கணக்கு எடுப்பது எல்லாம் இணையத்தில் ஓடும் ஒரே மென்பொருளில் நடக்கின்றன. ஒவ்வொன்றும் தனியாகச் சரியாக இருக்கும். சேர்ந்து ஓடும்போது சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கென்று ஒரு முறை உண்டு. அதற்கு இன்டக்ரேஷன் டெஸ்ட் என்று பெயர். நாம் அதைக் 'கூட்டுச் சோதனை' என்று சொல்லிக்கொள்வோம். அது என்ன, எப்படி எழுதுகிறார்கள், எப்படி ஓட்டுகிறார்கள், அதில் வியாபாரியாகிய நமக்கு என்ன வேலை என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

640 ரூபாய் எங்கே போயிற்று?

மாதனூரில் நெடுஞ்சாலையோரம் ஒரு மளிகைக் கடை என்று வைத்துக்கொள்வோம். மாலை நேரக் கூட்டம். ஒரு வாடிக்கையாளர் 4 கிலோ துவரம் பருப்பு வாங்குகிறார். கிலோ ரூ.160 வீதம் ரூ.640. யு.பி.ஐ.யில் பணம் செலுத்துகிறார். பணம் வந்துவிட்டது. ஆனால் 'வந்துவிட்டது' என்ற பதில் கடைக் கம்ப்யூட்டருக்கு வரும்முன் இணையம் அறுந்துவிட்டது. திரை அப்படியே நிற்கிறது. பில் போடும் பையன் இன்னொரு முறை பொத்தானை அழுத்துகிறான். பில் வருகிறது. வாடிக்கையாளர் போய்விடுகிறார்.

இரவு கடை சாத்தும்போது கணக்கு உதைக்கிறது. கம்ப்யூட்டர் இரண்டு விற்பனை என்கிறது. வங்கியில் ஒரு ரூ.640தான் வந்திருக்கிறது. இருப்பில் 8 கிலோ பருப்பு கழிந்திருக்கிறது. மூட்டையில் 4 கிலோதான் குறைந்திருக்கிறது. முதலாளி மூட்டையை எடை போட்டுப் பார்ப்பாரா? பெரும்பாலும் மாட்டார். "கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?" என்பார். அடுத்து பையனின் முகத்தைப் பார்ப்பார்.

இந்தக் கதையில் தராசு தவறு செய்யவில்லை. யு.பி.ஐ. தவறு செய்யவில்லை. பில் போடும் பகுதி, அழுத்தினால் பில் போடவேண்டும் என்ற தன் வேலையைத்தான் செய்தது. இருப்புப் பகுதி, பில் வந்தால் கழிக்கவேண்டும் என்ற தன் வேலையைத்தான் செய்தது. ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தால் நூற்றுக்கு நூறு. சேரும் இடத்தில்தான் ஓட்டை.

இங்கிலாந்தில் நடந்தது

இது 640 ரூபாயோடு நிற்கும் விஷயமல்ல. இங்கிலாந்தில் கிராமத் தபால் நிலையங்கள் பலவற்றை நம்மைப் போன்ற சிறு கடைக்காரர்கள்தான் நடத்துகிறார்கள். கடையின் ஒரு பக்கம் மளிகை, மறு பக்கம் தபால் கவுண்டர். அவர்களுக்கு 1999 முதல் 'ஹொரைசன்' என்ற கம்ப்யூட்டர் கணக்கு முறை கொடுக்கப்பட்டது. ஃபுஜிட்சு நிறுவனம் வழங்கியது. அதில் சில கடைகளின் கணக்கில் பணம் குறைவதாகக் காட்டியது. குறைந்த பணத்தைக் கடைக்காரர்களே கட்டவேண்டும் என்றார்கள். பலர் வீட்டை அடகு வைத்துக் கட்டினார்கள். கட்ட முடியாதவர்கள்மேல் திருட்டு வழக்கும் பொய்க்கணக்கு வழக்கும் போட்டார்கள். 1999-க்கும் 2015-க்கும் இடையே 900-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் என்று தீர்ப்புப் பெற்றார்கள். சீமா மிஸ்ரா என்ற இந்திய வம்சாவளிப் பெண்மணி கருவுற்றிருந்த நிலையில் 2010-ல் சிறைக்கு அனுப்பப்பட்டார்.

2019 டிசம்பரில் இங்கிலாந்து உயர் நீதிமன்றம், அந்த மென்பொருளில் பிழைகள் இருந்தன, அவை கணக்கில் பொய்யான குறைவைக் காட்டக்கூடியவை என்று தீர்ப்பளித்தது. 2021-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரே நாளில் 39 பேரின் தண்டனைகளை ரத்து செய்தது. சீமா மிஸ்ராவும் அவர்களில் ஒருவர். 2024-ல் நாடாளுமன்றமே தனிச் சட்டம் இயற்றி மற்றவர்களின் தண்டனைகளையும் நீக்க வேண்டியதாயிற்று. இதற்குள் சிலர் இறந்தே போயிருந்தார்கள்.

அந்தப் பிழைகளில் ஒன்றை நம் பருப்புக் கதையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்காட்லாந்தில் டால்மெல்லிங்டன் என்ற ஊரின் தபால் நிலையம். 2015-ல் அங்கிருந்து 8,000 பவுண்டு ரொக்கத்தைக் கிளைக் கவுண்டருக்கு மாற்றிப் பதிந்தார்கள். திரை நகராமல் நின்றதால் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தினார்கள். ஒரே மாற்றல் நான்கு முறை பதிவாயிற்று. 24,000 பவுண்டு குறைவதாகக் கணக்குக் காட்டியது. 'ஒரே பதிவை இரண்டு முறை அனுப்பினால் என்ன ஆகும்?' என்ற ஒரு கேள்வியை முன்கூட்டியே கேட்டுப் பார்த்திருந்தால் அகப்பட்டிருக்கக்கூடிய பிழை அது.

ஃப்ரேம்வொர்க் என்பது என்ன?

கடைக்கு மென்பொருள் எழுதித் தருகிறவர்கள் எல்லாவற்றையும் அடியிலிருந்து எழுதுவதில்லை. வீடு கட்டுகிறவர் செங்கல்லைத் தானே சுடுவதில்லை அல்லவா? அதுபோல் பலருக்கும் பொதுவான வேலைகளை முன்பே எழுதி வைத்த ஒரு கட்டுமானத்தை எடுத்து, அதன்மேல் நம் கடைக்கு வேண்டியதைச் சேர்க்கிறார்கள். அதைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க் என்பார்கள். 'ஜாங்கோ' என்பது அவற்றில் பெயர்பெற்ற ஒன்று. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரின் செய்தித்தாள் அலுவலகத்தில் பிறந்து, 2005-ல் எல்லோருக்கும் இலவசமாக வெளியிடப்பட்டது. நம் நாட்டிலேயே மும்பையில் உருவான 'ஃப்ராப்பே' என்பதும் உண்டு. அதன்மேல் கட்டிய 'ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட்' என்ற வணிகக் கணக்கு மென்பொருளை எவரும் கட்டணமின்றி எடுத்துப் பயன்படுத்தலாம்.

ஃப்ரேம்வொர்க் எப்படி வேலை செய்கிறது என்பதை நம் கடையை வைத்தே புரிந்துகொள்ளலாம். வாடிக்கையாளர் சீட்டு எழுதித் தருகிறார். முன்னால் நிற்பவர் அதை வாங்கி, இது யாரிடம் போகவேண்டிய சீட்டு என்று பிரிக்கிறார். கணக்குப்பிள்ளை விலையும் வரியும் போடுகிறார். கிடங்கிலிருந்து சரக்கு வருகிறது. பேரேட்டில் பதிவாகிறது. கடைசியில் பில் வாடிக்கையாளர் கைக்கு வருகிறது. மென்பொருளிலும் திரையிலிருந்து ஒரு கோரிக்கை புறப்பட்டு, இத்தனை கைகள் மாறி, பதிலாகத் திரும்பி வருகிறது.

கணக்குப்பிள்ளைக்கு மட்டும் ஒரு கூட்டல் கொடுத்துச் சரிபார்ப்பது தனிச் சோதனை. வாசலில் வாடிக்கையாளராக நுழைந்து, சீட்டுக் கொடுத்து, பில் வாங்கிக்கொண்டு, பிறகு கிடங்குக்கும் பேரேட்டுக்கும் கல்லாவுக்கும் போய் மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது கூட்டுச் சோதனை.

எப்படி ஓட்டுகிறார்கள்?

முதல் விதி: சோதனைக்கு உண்மைக் கணக்கைத் தொடக்கூடாது. புதுக் கணக்குப்பிள்ளைக்குப் பழைய நோட்டில் எழுதிப் பழகச் சொல்வோம்; நடப்புப் பேரேட்டைக் கொடுக்கமாட்டோம். ஜாங்கோ இதைத் தானே செய்கிறது. சோதனை ஆரம்பித்ததும் காலியான ஒரு தனிப் பேரேட்டைத் திறக்கிறது. அதன் பெயரின் முன்னால் 'டெஸ்ட்' என்று சேர்த்துவிடுகிறது. எல்லாம் முடிந்ததும் அதை அழித்துவிடுகிறது.

இரண்டாவது: சோதனைக்கு வேண்டிய சரக்கை நிரப்புகிறார்கள். 'துவரம் பருப்பு 120 கிலோ இருப்பு, கிலோ ரூ.160, கடையில் ஒரு பில் எழுத்தர்' என்பதுபோல் சோதனைக்குத் தேவையானது மட்டும் போதும்.

மூன்றாவது: போலி வாடிக்கையாளர் ஒருவரை உள்ளே அனுப்புகிறார்கள். ஃப்ரேம்வொர்க்கிலேயே இதற்கென ஒரு கருவி இருக்கிறது. திரையோ விசைப்பலகையோ இல்லாமலேயே, பொத்தான் அழுத்தினால் என்ன கோரிக்கை போகுமோ அதையே அது அனுப்புகிறது.

நான்காவது: பதிலைப் பார்க்கிறார்கள். அதோடு நிற்பதில்லை. பேரேட்டைத் திறந்து பார்க்கிறார்கள். பில் ஒன்றா? இருப்பு 116 கிலோவா? வங்கிக் கணக்கில் ரூ.640 பதிந்ததா? திரையில் 'நன்றி' என்று வந்துவிட்டால் போதும் என்று நினைப்பவர் எழுதும் சோதனை பாதிச் சோதனைதான்.

ஐந்தாவது: ஒரு சோதனை முடிந்ததும் அது எழுதியதெல்லாம் அழிகிறது. அடுத்த சோதனை சுத்தமான சிலேட்டில் தொடங்குகிறது. இது முக்கியம். முதல் சோதனையில் விற்ற பருப்பு இரண்டாவது சோதனையின் இருப்பைக் குறைக்கலாகாது. எந்த வரிசையில் ஓட்டினாலும் ஒரே விடை வரவேண்டும்.

ஓட்டும்போது தேறிய சோதனை ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு புள்ளி விழும். தேறாவிட்டால் 'எஃப்' என்ற எழுத்து விழும். கீழே, எந்த இடத்தில், என்ன வரவேண்டியது, என்ன வந்தது என்று விவரம் இருக்கும். நூறு சோதனைகள் இருந்தாலும் ஒரே கட்டளையில் எல்லாம் ஓடிவிடும். மென்பொருளில் ஒரு வரி மாறினாலும் எல்லாச் சோதனைகளையும் மறுபடி ஓட்டவேண்டும். உரிய காலத்தில் தராசுக்கு மறுமுத்திரை போடுவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வித்தியாசம், இங்கே ஒவ்வொரு மாற்றத்துக்கும் மறுமுத்திரை.

பருப்புக் கதைக்கு மருந்து இதுதான். பில் திரை திறக்கும்போதே அந்த விற்பனைக்கு ஓர் எண் கொடுத்துவிட வேண்டும். அதே எண்ணோடு கோரிக்கை இரண்டாவது முறை வந்தால், 'இது பதிந்தாயிற்று' என்று பழைய பில்லையே திருப்பிக் கொடுக்கவேண்டும். மருந்து வேலை செய்கிறதா என்பதற்குச் சோதனை: ஒரே கோரிக்கையை இரண்டு முறை அனுப்பு, பில் ஒன்றுதான் இருக்கவேண்டும், இருப்பு 116-லேயே நிற்கவேண்டும்.

நமக்கு என்ன வேலை?

"இதெல்லாம் புரோகிராம் எழுதுகிறவர் பாடு, நமக்கு என்ன?" என்று நம் உறுப்பினர்கள் கேட்கலாம். சோதனையை எழுதுவது அவர் வேலைதான். ஆனால் எதைச் சோதிக்கவேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. அவர் கடையில் உட்கார்ந்ததில்லை. எங்கே கணக்கு உதைக்கும் என்பது நமக்குத்தான் தெரியும். ஆகவே அதை நாம் எழுதித் தரவேண்டும். எழுதுவதும் கடினமில்லை. மூன்றே வரி: என்ன இருக்கிறது, என்ன செய்கிறோம், என்ன வரவேண்டும். நம் தொழிலில் இருந்தே சில உதாரணங்கள் தருகிறோம்.

முதல் உதாரணம், அரிசி மூட்டை. 2022 ஜூலை 18 முதல், பொட்டலமிட்டுச் சீட்டு ஒட்டிய அரிசி 25 கிலோவும் அதற்குக் கீழும் இருந்தால் 5 சதவீதம் வரி. அதற்குமேல் இருந்தால் வரி இல்லை. அதனால்தான் சந்தையில் 26 கிலோ மூட்டைகள் வந்தன என்பது நம் எல்லோருக்கும் தெரியும். இதைச் சோதனையாக எழுதினால்: 25 கிலோ மூட்டை ரூ.1,500 என்றால் வரி ரூ.75, பில் ரூ.1,575. 26 கிலோ மூட்டை ரூ.1,560 என்றால் வரி இல்லை, பில் ரூ.1,560. அதே மூட்டையைப் பிரித்து 2 கிலோ சில்லறையாக அளந்து விற்றால் வரி இல்லை. 10 கிலோப் பைகள் பத்தை ஒரே பெரிய சாக்கில் கட்டி விற்றால் மொத்தம் 100 கிலோ ஆனாலும் வரி உண்டு, ஏனென்றால் உள்ளே இருப்பவை 10 கிலோப் பைகள். பிழைகள் எப்போதும் எல்லையில்தான் உட்கார்ந்திருக்கும். 10 கிலோவையும் 50 கிலோவையும் சோதித்துவிட்டு 25-ஐ விட்டுவிட்டால் சோதித்ததாகவே கணக்கில்லை.

இரண்டாவது, சித்தூர் வாடிக்கையாளர். அதே 25 கிலோ மூட்டையை நம் மாநிலத்தவர் வாங்கினால் ரூ.75 வரி, மத்திய வரி ரூ.37.50, மாநில வரி ரூ.37.50 என்று இரண்டாகப் பிரியும். ஆந்திர மாநிலம் சித்தூரில் உள்ள வியாபாரிக்கு அனுப்பினால் ரூ.75-ம் ஒரே வரியாக, ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டி.யாகப் பதியவேண்டும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மென்பொருளின் ஒரு பகுதி 37.50-ஐ முழு ரூபாயாக்கி 38 என்று எழுதினால், இரண்டும் சேர்ந்து 76 ஆகிவிடும். பில் ஒரு தொகை, வரிக் கணக்கு ஒரு தொகை. ஒரு மூட்டைக்கு ஒரு ரூபாய்தானே என்று விட்டால், வருடக் கடைசியில் ஆடிட்டரிடம் உட்கார்ந்து தேடவேண்டி வரும்.

மூன்றாவது, திரும்பி வந்த சோப்பு. 2025 செப்டம்பர் 22 முதல் பல சரக்குகளுக்கு வரி மாறியது. சோப்புக் கட்டி, பற்பசை, பிஸ்கட் போன்றவை 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கின. செப்டம்பர் 20-ந் தேதி ஒரு பெட்டி சோப்பு விற்றோம். சரக்கு மதிப்பு ரூ.1,000, வரி ரூ.180, மொத்தம் ரூ.1,180. 24-ந் தேதி சரக்குத் திரும்பி வருகிறது. விற்ற நாளின் விகிதத்திலேயே வரவுச் சீட்டு போடவேண்டும், அதாவது ரூ.1,180. ஆனால் மென்பொருள் இன்றைய விகிதத்தைப் பார்த்தால் ரூ.1,050 என்று போடும். ரூ.130 அந்தரத்தில் நிற்கும். விற்பனைப் பகுதி சரி, திருப்பிப் பெறும் பகுதி சரி, வரிப் பட்டியலும் சரி. எந்தத் தேதியின் விகிதம் என்று ஒன்று மற்றொன்றிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னும் நம் உறுப்பினர்கள் யோசித்தால் ஒவ்வொருவருக்கும் பத்துத் தேறும். பாதி ரொக்கம், பாதி யு.பி.ஐ. பழைய பாக்கியில் கழித்துக்கொள்வது. பத்து வாங்கினால் ஒன்று இலவசம் என்ற சரக்கில் ஒன்று திரும்பி வருவது. மார்ச் 31 இரவு போட்ட பில்லும் ஏப்ரல் 1 காலை போட்ட பில்லும் எந்த வரிசை எண்ணில் விழுகின்றன என்பது. கடைசி ஒரு மூட்டையை இரண்டு கவுண்டர்களில் ஒரே நேரத்தில் விற்பது. பில் எழுத்தர் தன் கடவுச்சொல்லோடு நுழைந்து பழைய பில்லை அழிக்க முயல்வது. அப்போது மென்பொருள் மறுக்கவேண்டும். 'நடக்கவேண்டியது நடக்கிறதா' என்பதைப் போலவே 'நடக்கக்கூடாதது நடக்காமல் இருக்கிறதா' என்பதையும் சோதிக்கவேண்டும்.

ஏமாற்றும் சோதனைகள்

எல்லாச் சோதனையும் சோதனையாகிவிடாது. நான்கு இடங்களில் ஏமாறுவது வழக்கம்.

ஒன்று, தலையாட்டி வங்கி. சோதனையின்போது உண்மை வங்கியிடம் போகமுடியாது. ஆகவே ஒரு போலி வங்கியை வைப்பார்கள். அது எப்போதும் 'பணம் வந்தது' என்றே தலையாட்டினால் என்ன பயன்? பணம் வராதது, தாமதமாக வருவது, பதிலே வராதது என்று எல்லா விதமாகவும் அந்தப் போலி வங்கி நடிக்கவேண்டும். நம் பருப்புக் கதை மூன்றாவது வகை.

இரண்டு, வேறு பேரேடு. கடையில் ஓடுவது ஒரு வகைத் தரவுத்தளம், சோதனைக்கு வசதிக்காக எளிய வேறொரு வகை என்று சிலர் வைப்பார்கள். எளியது விட்டுக்கொடுக்கும் தவறைப் பெரியது விட்டுக்கொடுக்காது. ஒரே நேரத்தில் இருவர் எழுதும்போது இரண்டும் ஒன்றுபோல நடந்துகொள்ளவும் செய்யாது. எது கடையில் ஓடுகிறதோ அதிலேயே சோதிக்கவேண்டும்.

மூன்று, 'இன்று' என்ற தேதி. சோதனையில் 'இன்றைய தேதி' என்று எழுதினால் இன்று தேறும், வரி மாறிய மறுநாள் காரணமில்லாமல் விழும். சோதனைக்குள் தேதியை ஆணியடித்து நிறுத்தவேண்டும்: 2025 செப்டம்பர் 21 என்றால் 18 சதவீதம், 22 என்றால் 5 சதவீதம்.

நான்கு, ஒருபோதும் விழாத சோதனை. எந்தக் கல்லை வைத்தாலும் ஒரே எடை காட்டும் தராசை யாராவது நம்புவோமா? அதுபோல, புரோகிராமில் வேண்டுமென்றே ஒரு தவறைப் புகுத்தி, சோதனை அதைப் பிடிக்கிறதா என்று ஒருமுறையாவது பார்க்கவேண்டும். பிடிக்காவிட்டால் அது அலங்காரப் பொருள்தான்.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1999-ல் அமெரிக்காவின் நாசா அனுப்பிய செவ்வாய்க் கலம் ஒன்று கோளை நெருங்கியதும் தொலைந்துபோனது. உந்துவிசைக் கணக்கை ஒரு குழு பவுண்டு அளவில் கொடுத்தது, மறு குழு அதை மெட்ரிக் அளவு என்று எடுத்துக்கொண்டது. மூட்டைக் கணக்கில் வாங்கி, கிலோக் கணக்கில் விற்று, பாக்கெட் கணக்கில் இருப்பு எழுதும் நமக்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேண்டாம். ஒரு மூட்டை கொள்முதல் பதிந்தால் எத்தனை கிலோ ஏறுகிறது என்பதும் ஒரு சோதனையாகவேண்டும்.

எத்தனை வேண்டும்? எதற்கு எல்லை?

கூட்டுச் சோதனை தனிச் சோதனையைவிட மெதுவாக ஓடும். எழுதவும் நேரம் பிடிக்கும். ஆகவே கூட்டல், வரி, தள்ளுபடி போன்ற சின்ன கணக்குகளுக்குத் தனிச் சோதனைகள் நிறைய; பணமும் சரக்கும் கைமாறும் இடங்களுக்குக் கூட்டுச் சோதனைகள் ஓரளவு; உண்மைத் திரையைத் திறந்து ஆரம்பம் முதல் கடைசி வரை போய்ப் பார்க்கும் முழுச் சோதனைகள் சில. இதுதான் அனுபவப்பட்டவர்கள் சொல்லும் பங்கீடு.

கூட்டுச் சோதனை எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்றும் நாம் சொல்லவரவில்லை. நெரிசல் என்பது வேறு விஷயம். சரக்குப் போக்குவரத்துக்கான ஈ-வே பில் முறையை 2018 ஜனவரி 16 முதல் நாடு முழுவதும் ஒத்திகை பார்த்தார்கள். பிப்ரவரி 1-ந் தேதி கட்டாயமாக்கிய அன்றே தொழில்நுட்பக் கோளாறால் அதை ஒத்திவைக்க வேண்டியதாயிற்று. மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு ஏப்ரல் 1-ந் தேதிதான் மறுபடி தொடங்கியது. லாரியை நடுவழியில் நிறுத்திவிட்டுக் கம்ப்யூட்டர் முன் காத்திருந்தவர்களுக்கு அது நன்றாக நினைவிருக்கும். ஒரு பில் சரியாகப் போகிறது என்பதற்கும், எல்லோரும் ஒரே நேரத்தில் அனுப்பினாலும் போகும் என்பதற்கும் வித்தியாசம் உண்டு. அதற்கு நெரிசல் சோதனை தனியே வேண்டும். நம் அளவில், தீபாவளிக்கு முன்தினக் கூட்டத்தை மனதில் வைத்து அதைக் கேட்டுப் பெறலாம்.

கேட்கவேண்டிய ஐந்து கேள்விகள்

மென்பொருள் வாங்கும்போதோ, பணம் கட்டிப் புதுப்பிக்கும்போதோ, எழுதித் தருகிறவரிடம் இந்த ஐந்தையும் கேளுங்கள்.

1. மாற்றம் செய்யும் ஒவ்வொரு தடவையும் எல்லாச் சோதனைகளையும் ஓட்டுகிறீர்களா? ஓட்டியதை எங்கள் கண்முன் காட்டமுடியுமா?

2. சோதனை எங்கள் உண்மைக் கணக்கைத் தொடாமல் தனிப் பேரேட்டில் ஓடுகிறதா? எங்கள் வாடிக்கையாளர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் அதில் இல்லாமல் இருக்கிறதா?

3. ஒரே பில்லை இரண்டு முறை அனுப்பினால், நடுவில் இணையம் அறுந்தால், என்ன ஆகும் என்பதற்குச் சோதனை உண்டா?

4. நாங்கள் எழுதித் தரும் பத்து உதாரணங்களைச் சோதனையாகச் சேர்ப்பீர்களா?

5. ஒரு பிழை கண்டுபிடித்தால், திருத்துவதற்கு முன் அந்தப் பிழைக்கே ஒரு சோதனை எழுதுவீர்களா?

ஐந்தாவது கேள்விக்கு ஒரு காரணம் உண்டு. பிழையைக் காட்டும் சோதனையை முதலில் எழுதி, அது விழுவதைப் பார்த்து, பிறகு திருத்தி, அது தேறுவதைப் பார்த்தால், அந்தப் பிழை மறுபடி தலைதூக்கும் அன்றே பிடிபடும். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து வேறு ஏதோ மாற்றத்தோடு அது திரும்பி வரும்.

"நேரமில்லை, செலவு கூடும்" என்று அவர் சொல்லக்கூடும். செலவு கூடுவது உண்மைதான். அந்தச் செலவில் ஒரு பங்கை நாமும் ஏற்பதில் தவறில்லை. ஒரே மென்பொருளை வைத்திருக்கும் நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து உதாரணப் பட்டியலை எழுதிக் கொடுத்தால் ஒவ்வொருவருக்கும் பாரம் குறையும். அத்தகைய பட்டியல்களை நம் சங்க அலுவலகத்தில் ஒரு கோப்பாகச் சேர்த்து வைத்தால் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கும் உறுப்பினருக்கும் உதவும்.

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்று சொல்லிக்கொடுத்த முன்னோர் வழியில் வந்தவர்கள் நாம். தராசை நம்புகிறோம் என்றாலும் படிக்கல்லை வைத்துப் பார்க்கிறோம். கம்ப்யூட்டரையும் அப்படியே நம்புவோம். அதற்குப் படிக்கல் இந்தச் சோதனைகள்.

கடைசியாக ஒன்று. எத்தனை சோதனை இருந்தாலும் ஒருநாள் கணக்கு உதைக்கத்தான் செய்யும். அன்று இரவு கடைப் பையனைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பதற்கு முன், மூட்டையை ஒருமுறை எடை போடுங்கள், வங்கிக் கணக்கை ஒருமுறை பாருங்கள், ஒரே நேரத்தில் ஒரே தொகைக்கு இரண்டு பில் இருக்கிறதா என்று தேடுங்கள். இங்கிலாந்தில் அந்தத் தேடல் 20 ஆண்டுகள் தாமதமாயிற்று. நம் கடையில் அதற்குப் பத்து நிமிடம் போதும்.